பழைய கார் பேட்டரியை வீண்செலவில்லாமல் மாற்றும் முறை

திருநெல்வேலிச் சீமையில் கார் பேட்டரி விரைவில் முதிர்வதற்கு முதற்காரணம் வெயில். சித்திரை, வைகாசி மாதங்களில் நிழலில்லாத தெருவில் நாள் முழுவதும் நிற்கும் காரின் பானெட்டுக்குள் ஏறும் சூடு பேட்டரியில் உள்ள நீரை வற்றச் செய்வதோடு, ஈயத் தகடுகளின் சட்டத்தையும் அரிக்கிறது. இரண்டாவது காரணம் காரை நாம் பயன்படுத்தும் விதம். பாளையங்கோட்டையிலிருந்து டவுனுக்கு ஏசியைப் போட்டுக்கொண்டு நெரிசலில் ஊர்ந்து போய்த் திரும்பும் குறும்பயணங்களில், என்ஜினைக் கிளப்பச் செலவான மின்சாரம் முழுவதும் பேட்டரிக்குத் திரும்பிச் சேர்வதில்லை. சென்னையிலோ வளைகுடா நாடுகளிலோ வேலை பார்ப்பவர்கள், ஊரில் வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டுப் போய்க் கோயில் கொடைக்கு மட்டும் வந்து எடுப்பதும் இங்கே வழக்கம். மின்சாரம் இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும். அதன்பின் எவ்வளவு சார்ஜ் செய்தாலும் பழைய வலிமை திரும்புவது அரிது. ஆகவே இந்த வெயிலில் மூன்று ஆண்டுகளைக் கடந்த பேட்டரியை ஆண்டுக்கொரு முறையேனும் சோதித்துவிட வேண்டும்.

செலவைக் குறைப்பதில் பெரும்பங்கு கடைக்குப் போவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. செல்ஃப் எடுக்கவில்லை என்றதும் பேட்டரி போய்விட்டது என்று முடிவுகட்டிப் புதிது வாங்குபவர்கள் பலர். கோளாறு வேறிடத்தில் இருந்தால் புதிய பேட்டரியும் சில வாரங்களில் படுத்துவிடும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மல்ட்டிமீட்டர் ஒன்று இந்த ஐயத்தைப் பெரிதும் தீர்த்துவைக்கும். இரவு முழுவதும் நின்ற காரில், காலையில் எதையும் போடுவதற்கு முன், பேட்டரியின் இரு முனைகளிலும் அளந்து பார்க்க வேண்டும். 12.6 வோல்ட் அல்லது அதற்குச் சற்று மேல் என்றால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. 12-க்கும் கீழே என்றால் காலியாகிவிட்டது என்று பொருள். பிறகு ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றவர் மீட்டரைக் கவனிக்க வேண்டும். முழு சார்ஜில் இருந்தும் என்ஜின் சுழலும் நொடியில் அளவு 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது எனலாம். அடுத்து, என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். புதிய கார்கள் சிலவற்றில் தேவைக்கேற்ப இந்த அளவு ஏறி இறங்குவது இயல்பு. ஆனால் எவ்வளவு நேரம் ஓடினாலும் 12.5-ஐத் தாண்டவில்லை என்றால் ஆல்டர்னேட்டரையோ அதன் பெல்ட்டையோதான் பார்க்க வேண்டும். என்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் இந்த ஆல்டர்னேட்டரையே மெக்கானிக்குகள் பலர் டைனமோ என்பார்கள்.

காலையில் குறைவாகக் காட்டினாலும் உடனே புதிதுக்குப் போக வேண்டாம். சார்ஜரில் போட்டு முழுமையாக ஏற்றி, சில மணி நேரம் ஓயவிட்டு, மறுபடி அளந்து பாருங்கள். அளவு நிலைத்து நின்றால் பேட்டரி நல்லதுதான். மின்சாரம் எங்கோ ஒழுகுகிறது. பின்னாளில் பொருத்திய மியூசிக் சிஸ்டம், ஜிபிஎஸ் கருவி, டேஷ்கேம் ஆகியவை சாவியை எடுத்த பிறகும் இழுத்துக்கொண்டிருக்கலாம். நின்ற காரில் இந்த இழுப்பு பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். ஆட்டோ எலக்ட்ரீஷியன் இதை அளந்து சொல்வார். முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் அதைச் சுத்தம் செய்தாலே சில கார்கள் பழையபடி கிளம்பிவிடும். மூடி திறக்கும் வகைப் பேட்டரியில் தண்ணீர் குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். தாமிரபரணித் தண்ணீர் குடிக்க எவ்வளவு இனித்தாலும் அதில் கரைந்துள்ள உப்புகள் பேட்டரிக்கு ஆகாது. அமிலமும் ஊற்றக் கூடாது. வற்றியது நீர்தான், அமிலம் அல்ல.

இவ்வளவுக்குப் பிறகும் பேட்டரி தேறவில்லை என்றால் மாற்றிவிடுவதே நல்லது, அதையும் முழுவதும் நின்றுபோவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். நாங்குநேரிக்கும் வள்ளியூருக்கும் நடுவே நாற்கரச் சாலையில் இரவில் நின்றவர் கேட்ட விலையைக் கொடுக்கத்தான் வேண்டும். காரையாறு போன்ற மலைப்பாதையில் நின்றால் உதவிக்கு ஆள் கிடைப்பதே கடினம். கார் ஓடும் நிலையில் இருக்கும்போது, பாளையங்கோட்டையிலும் ஜங்ஷனிலும் மூன்று நான்கு கடைகளைத் தொலைபேசியில் அழைத்து விலை கேட்டு வாங்குபவருக்கே பேரம் பேச இடமுண்டு. தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கத்தவரும் உள்ளூர் விலையோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அழைப்பதற்கு முன் பழைய பேட்டரியின் மேல் உள்ள எழுத்துகளைப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். சிறிய பெட்ரோல் கார்கள் பலவற்றில் 38பி20எல் அல்லது 38பி20ஆர் என்று இருக்கும். இதில் 20 என்பது ஏறத்தாழ சென்டிமீட்டரில் நீளம். கடைசி எழுத்து முனைகள் எந்தப் பக்கம் அமைந்துள்ளன என்பதைக் காட்டுகிறது. அது மாறினால் கேபிள் எட்டாது. காரின் கையேட்டில் சொன்ன ஆம்பியர்-அவர் அளவை, அதாவது பேட்டரியின் கொள்ளளவை விடப் பெரியதை வாங்குவதால் பெரிய பயன் இல்லை. இடம் கொள்ளாமல் போவதும் உண்டு. சிக்னலில் நின்றால் என்ஜின் தானே அணைந்து கிளம்பும் வகைக் கார்களுக்கு, அடிக்கடி கிளப்புவதைத் தாங்கும்படி செய்யப்பட்ட இஎஃப்பி அல்லது ஏஜிஎம் வகைப் பேட்டரிதான் போட வேண்டும். அவற்றின் விலை கூடுதல். ஆயினும் அந்தக் காரில் சாதாரணப் பேட்டரியைப் போட்டு மிச்சம் பிடிக்க நினைப்பது விரைவிலேயே இரட்டைச் செலவாகும்.

எக்ஸைட், அமரான் போன்ற அறியப்பட்ட நிறுவனங்களுக்குள் பெயரை விட உத்தரவாதமும் தயாரிப்புத் தேதியுமே முக்கியம் என்பது என் துணிபு. உத்தரவாதத்தை 18+18, 30+30 என்று மாதங்களில் இரண்டாகப் பிரித்துச் சொல்வார்கள். முதல் எண்ணுக்குள் பழுதானால் இலவசமாகப் புதிது தருவார்கள். இரண்டாவது எண்ணுக்குள் என்றால் புதியதன் விலையில் ஒரு பகுதியை மட்டும் கழிப்பார்கள். அந்தக் கழிவு பெரும்பாலும் அச்சிட்ட உச்ச விலையிலிருந்து கணக்கிடப்படுகிறது. கடையில் நாம் சாதாரணமாகக் கொடுக்கும் விலையே அதைவிடக் குறைவு என்பதால் கையில் மிஞ்சும் லாபம் சிறியது. எனவே முதல் எண்ணை மட்டும் வைத்து விலையை வகுத்துப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, 3,600 ரூபாய்க்கு 18 மாதம் என்றால் மாதம் 200 ரூபாய். 4,500 ரூபாய்க்கு 30 மாதம் என்றால் மாதம் 150 ரூபாய். விலை கூடியதுதான் இங்கே மலிவு. வாடகைக் கார்களுக்கு உத்தரவாதம் குறைவாக இருக்கும் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தயாரித்து ஆறு மாதமாகக் கடையில் கிடந்த பேட்டரியைத் தள்ளுபடியில் கொடுத்தாலும் தவிர்த்துவிடலாம். மூன்று மாதத்துக்குள் தயாரானதாகவும், நம் மீட்டரில் 12.5-க்குக் குறையாமலும் இருப்பதை எடுப்பதே சரி. பழைய பெட்டிக்குப் புது ஸ்டிக்கர் ஒட்டிப் பாதி விலைக்கு விற்கப்படும் ரீகண்டிஷன் பேட்டரியைக் காருக்கு வாங்கவே வேண்டாம்.

பழையதைக் கொடுத்தால் எவ்வளவு கழிப்பீர்கள் என்பதை முதலிலேயே கேட்க வேண்டும். சிறிய கார் பேட்டரியே ஏறத்தாழ 10 கிலோ எடை இருக்கும். அதில் பெரும்பகுதி ஈயம். ஈயத்துக்கு நல்ல விலை உண்டு. பேட்டரியை மற்றக் குப்பையோடு சேர்க்காமல், முறையாகச் சேகரிப்பவர்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்று 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன. கூடுதலாகச் சில ரூபாய் கிடைக்கிறதென்று, பெட்டியை உடைத்து அமிலத்தைத் தரையில் கொட்டும் இடத்தில் கொடுத்தால், அது மழையில் நெல்லைக் கால்வாய்க்கோ பாளையங்கால்வாய்க்கோ வடிந்து நம் வயலுக்கே வந்து சேரும்.

மாட்டுவதைக் கடைக்காரரே பெரும்பாலும் இலவசமாகச் செய்துகொடுப்பார். நாமே செய்வதானால் என்ஜினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, கையுறையும் கண்ணாடியும் அணிந்துகொள்ள வேண்டும். மோதிரம், வாட்ச் இருந்தால் கழற்றிவிடுங்கள். அருகில் தீப்பொறி கூடாது. பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியக்கூடும். பல கார்களுக்குப் பத்தாம் நம்பர் ஸ்பேனர் போதும். முதலில் கறுப்புக் கேபிளை, அதாவது நெகட்டிவைக் கழற்ற வேண்டும். இந்த வரிசை மிக முக்கியம். காரின் உடல் முழுவதும் நெகட்டிவோடு இணைந்திருப்பதால், பாசிட்டிவை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் தகரத்தில் பட்டால் பெரும் பொறி பறக்கும். அதன்பின் சிவப்பைக் கழற்றி, கிளாம்பைத் தளர்த்திப் பேட்டரியை நிமிர்ந்தபடியே தூக்க வேண்டும். கேபிள் முனைகளையும் பேட்டரி அமரும் தட்டையும் ஆப்ப சோடா கரைத்த நீரால் துடைத்து நன்றாக உலர்த்திக்கொள்ளுங்கள். புதியதை மாட்டும்போது வரிசை தலைகீழ்: சிவப்பு முதலில், கறுப்பு கடைசியில். முனைகளில் வாசலின் பூசினால் பூஞ்சை போல் படிவது குறையும். கிளாம்பை இறுக்க மறந்தால் நம் சாலைகளின் குலுக்கலிலேயே தகடுகள் உதிரத் தொடங்கிவிடும். உடம்பில் அமிலம் பட்டால் தாமதிக்காமல் நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவியபின் மருத்துவரிடம் போக வேண்டும்.

கடிகாரமும் ரேடியோவும் மறுபடி அமைக்க வேண்டியிருக்கலாம். சில கார்களில் ஜன்னல் கண்ணாடியின் தானியங்கி இயக்கத்தையும் சரிசெய்ய வேண்டும். பில்லில் பேட்டரியின் வரிசை எண், தேதி, வண்டி எண் மூன்றும் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்து, உத்தரவாதத்தைப் பதிவுசெய்துவிட்டு, அச்சு மங்கிப்போகும் என்பதால் பில்லைப் படமெடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள். காரை ஊரில் விட்டுப் போகிறவர்கள் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி வைப்பது நல்லது. அல்லது வீட்டிலிருப்பவரிடம் சொல்லி, மாதம் இருமுறை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் சாலையில் ஓட்டச் செய்யலாம். வாசலிலேயே ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பதால் கிளப்பச் செலவானதுகூடத் திரும்பாது.