விபத்தில்லா நாட்களுக்குப் பரிசு அறிவிக்காதீர்கள்

கட்டட வேலைகளில் பாதுகாப்பு அலுவலராகப் புதிதாகச் சேரும் இளைஞர்கள், 20 ஆண்டுகளுக்கு முன் நான் செய்த தவறுகளையே செய்கிறார்கள். ஹெல்மெட், பூட்ஸ் பற்றி அவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பரிசுப் பலகை

போன மாதம் ஒரு கட்டுமானத் தளத்தின் வாசலில் 'விபத்தில்லா நாட்கள்: 64' என்ற பலகையைப் பார்த்தேன். 100 நாளைத் தொட்டால் எல்லோருக்கும் பரிசாம். எனக்குக் கோபம்தான் வந்தது.

நானும் ஓர் அடுக்குமாடி வேலையில் இப்படிப் பலகை வைத்தவன். 100ஆவது நாளில் பிரியாணி, ஆளுக்கொரு எவர்சில்வர் குடம். 91ஆவது நாள், கான்கிரீட் ஊற்ற அடித்த சென்ட்ரிங்கைப் பிரித்துப் போட்ட மரப்பலகையில் நீட்டிக்கொண்டிருந்த ஆணி ஒரு சித்தாளின் காலில் ஏறியது. அந்த அம்மா துணியைக் கிழித்துக் கட்டிக்கொண்டு மூன்று நாள் ஜல்லி சுமந்தார். மேஸ்திரிக்குத் தெரியும். கூட வேலை செய்தவர்களுக்கும் தெரியும். எனக்குச் சொல்ல ஒருவரும் வரவில்லை. நான்காம் நாள் கால் வீங்கிக் காய்ச்சலில் விழுந்த பிறகுதான் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம்.

"ஏன் அம்மா சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"என் ஒருத்தியால் அத்தனை பேருக்கும் குடம் போய்விடுமே, சார்."

டெட்டனஸ் ஊசி அன்றே போட்டிருக்க வேண்டும். அன்றே தெரிந்திருந்தால், ஆணிகளைப் பிடுங்கவும் ஆள் போட்டிருப்பேன். அந்த மூன்று நாளும் எத்தனை பேர் அந்தப் பலகைக் குவியலைத் தாண்டி நடந்தார்கள் என்று நினைத்தால் இன்றும் பதறுகிறது.

பரிசு கொடுப்பதானால், ஆபத்தைக் கண்டு சொன்னவருக்குக் கொடுங்கள். ஆடும் சாரம், மூடாத லிஃப்ட் குழி, தோல் உரிந்த வயர் எதுவானாலும், அன்றே சரிசெய்துவிட்டு மறுநாள் காலைக் கூட்டத்தில் அவர் பெயரைச் சொல்லுங்கள். காயத்தைச் சொன்னவரின் கூலியில் கை வைக்காதீர்கள். வைத்தால் அடுத்த காயம் உங்கள் காதுக்கு வராது.

பெல்ட் கொடுத்து, மாட்ட இடம் கொடுக்காதது

உயரத்தில் வேலை செய்பவர்களுக்கு மேலே உறுதியான கம்பியோ கயிறோ இல்லையென்றால், காலடியில் இருக்கும் சாரக் குழாயில் பாதுகாப்பு பெல்ட்டின் கொக்கியை மாட்டுவார்கள். பெல்ட்டின் கயிறு 1.8 மீட்டர் நீளம் என்றால், காலடியிலிருந்து பெல்ட் வரையான உயரமும் சேர்ந்து, அது இழுத்துப் பிடிப்பதற்குள் ஆள் 3 மீட்டருக்கு மேல் விழுந்திருப்பார். முதல் மாடியின் உயரமே ஏறக்குறைய அவ்வளவுதான். கொக்கி தலைக்கு மேல் இருக்க வேண்டும்.

தமிழில் மட்டும் நடக்கும் காலைக் கூட்டம்

எதிரே நிற்பவர்களில் பாதிப் பேர் ஒடியாவும் வங்காளமும் பேசுபவர்கள். அவர்களில் ஒருவரையே பேச வையுங்கள்.

முதலாளிக்குச் சலுகை

வேண்டாம். ஹெல்மெட் இல்லையென்றால் அவரும் கேட்டுக்கு வெளியேதான்.