ஊர்க் கூட்டம் போடும்போது நாம் செய்கிற தவறுகள்

போச்சம்பள்ளிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் ஏரி வாய்க்காலைப் பற்றிப் பேச ஒரு கூட்டம் போட்டோம். எழுபது நாற்காலி, மைக் செட், டீ எல்லாம் தயார். வந்தவர்கள் பதினான்கு பேர். அதில் ஐந்து பேர் ஏற்பாடு செய்த நாங்கள். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு என்றால் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள் என்று நாங்களாகவே முடிவு செய்துவிட்டோம். போச்சம்பள்ளிச் சந்தை கூடுவதும் ஞாயிறன்றுதான். ஆடு, கோழி, காய்கறி வைத்திருக்கிறவர்கள் விடிவதற்கு முன்பே கிளம்பிவிட்டார்கள். இது எங்களுக்குத் தெரியாத விஷயமே அல்ல. தேதி குறிக்கும்போது ஊர்க்காரர் ஒருவரையாவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

அதற்குப் பிறகு தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் பல கூட்டங்களுக்கு வேலை செய்திருக்கிறேன். தவறுகளில் பெரும்பாலானவை மைக் கட்டுவதற்கு முன்பே நடந்துவிடுகின்றன.

முதலில் நாளும் நேரமும். குந்தாரப்பள்ளி பக்கம் என்றால் வெள்ளிக்கிழமை சந்தை. மாங்காய் அறுவடை நடக்கிற மே, ஜூனில் கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தோப்பு ஊர்களில் கூட்டம் போடாமல் இருப்பதே நல்லது. ஓசூர் கம்பெனிகளுக்குப் போகிறவர்களுக்கு ஷிப்ட். பென்னாகரம், அரூர் பக்கத்திலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர்கள் பண்டிகைக்கோ தேர்த் திருவிழாவுக்கோதான் வருவார்கள். மாலை ஐந்து மணி வசதியாகத் தோன்றும். ஆனால் அது மாடு கறந்து சொசைட்டிக்குப் பால் கொண்டுபோகிற நேரம், அந்த வேலை பெரும்பாலும் பெண்கள் கையில் இருக்கிறது. மூன்று மணிக்குத் தொடங்கி நாலரைக்கு முடித்தால் எங்களுக்கு நன்றாகவே கூட்டம் சேர்ந்தது.

இடம்தான் எல்லாவற்றையும் விட முக்கியம் என்று நான் நினைக்கிறேன். இங்கேதான் பெரிய தவறும் நடக்கிறது. நிழல் இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது, காசு வேண்டாம் என்று கோயில் மண்டபத்தில் கூட்டத்தை வைத்துவிடுகிறோம். அல்லது ஊரில் செல்வாக்கானவர் வீட்டுத் திண்ணையில் வைக்கிறோம். ஊரில் பாதிப் பேருக்கு அந்தப் படியை ஏறுவதற்கே தயக்கம் இருக்கும். வரமாட்டேன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். வந்து தெரு முனையில் நிற்பார்கள், கொஞ்ச நேரத்தில் போய்விடுவார்கள். அழைப்பு எல்லோருக்கும் போயிருந்தாலும் அது பாதி ஊரின் கூட்டம்தான். தலைமை ஆசிரியரிடம் அனுமதி வாங்கி அரசுப் பள்ளி வளாகத்தில் வைக்கலாம், கிராம சேவை மைய கட்டடத்தைக் கேட்கலாம். மரத்தடி என்றால் அது யார் நிலத்து மரம் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். நாள் குறிப்பதற்கு முன், ஊர்த்தெருவிலும் காலனியிலும் தனித்தனியாகப் போய், "எங்கே வைத்தால் நீங்கள் வந்து உட்காருவீர்கள்?" என்று கேளுங்கள். வருவீர்களா என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். உட்காருவீர்களா என்று கேட்டால்தான் உண்மை வரும்.

உட்காருவது என்றதும் இன்னொன்று. மேடையில் ஆறு நாற்காலி, கீழே ஜமக்காளம் என்று போடாதீர்கள். எல்லோருக்கும் நாற்காலி, இல்லையென்றால் எல்லோருக்கும் தரை. வட்டமாகப் போட்டால் பின்வரிசை என்ற ஒன்றே இருக்காது.

அழைப்பதில் வாட்ஸ்அப் குழுவை மட்டும் நம்பினால் இளைஞர்கள் மட்டும் வருவார்கள். பழக்கம் என்று தண்டோரா போடச் சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதை நிறுத்தச் சொல்லி 2022-ல் தமிழக அரசே அறிவுறுத்திவிட்டது. குறிப்பிட்ட சாதிக்காரரைப் பறையடித்துச் சொல்லவைப்பது ஒரு ஊரையே கூப்பிடுகிற முறையாக இருக்க முடியாது. ஒரு ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சுற்றினால் போதும். அதைவிட நல்ல வழி மகளிர் குழுக்கள். தமிழ்நாட்டில் சுய உதவிக் குழுத் திட்டம் 1989-ல் முதலில் தொடங்கியதே தருமபுரி மாவட்டத்தில்தான். குழுக் கூட்டத்துக்கே நேரில் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். தேன்கனிக்கோட்டை, தளி, வேப்பனப்பள்ளி பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் நிறைய. அங்கே தமிழில் நோட்டீஸ் அடித்துவிட்டு வேலை முடிந்தது என்று இருக்காதீர்கள், அந்த மொழி பேசுகிற ஒருவர் வீடு வீடாகப் போய்ச் சொல்லட்டும்.

அடுத்த தவறு, ஒரே கூட்டத்தில் எல்லாவற்றையும் பேச நினைப்பது. குடிநீர், ரோடு, பஸ், சுடுகாட்டுப் பாதை என்று எட்டு தலைப்பு போட்டால் ஒன்றும் முடிவாகாது. "தண்ணீர்ப் பிரச்சினை" என்பதே கூட மிகப் பெரிய தலைப்பு. நம் மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல் கறைபடுவதும் எலும்பு பாதிக்கப்படுவதும் நாம் கண்ணால் பார்த்தவை. குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை என்கிறது இந்தியத் தர நிர்ணயம். இதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013-ல் தண்ணீர் கொடுக்கத் தொடங்கியது. ஆகவே கூட்டத்துக்கான கேள்வியை இப்படி வைக்கலாம்: "நம் தெருக்குழாயில் வருவது ஒகேனக்கல் தண்ணீரா, போர் தண்ணீரா, இரண்டும் கலந்ததா?" இதற்குப் பதில் கண்டுபிடிக்க முடியும். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் தண்ணீரைப் பரிசோதித்து, முடிவைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் யாரும் அதை வெறும் புலம்பல் என்று தள்ளிவிட முடியாது.

காவல் நிலையத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. கட்சிக் கொடியும் தலைவர் படமும் இல்லாத பேனர் போதும்.

அதிகாரிகளை அழைப்பது பற்றி என் கருத்து பலருக்குப் பிடிக்காது. முதல் கூட்டத்துக்கு அழைக்க வேண்டாம். அதிகாரி வந்து உட்கார்ந்ததும் ஊர்க்காரர்கள் ஒருவரோடொருவர் பேசுவதை நிறுத்திவிட்டு, தன் தன் மனுவை நீட்டத் தொடங்குவார்கள். அதற்குத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள் இருக்கிறது. ஊர் தனக்குள் பேசி ஒரு முடிவுக்கு வந்த பிறகு, இரண்டாவது கூட்டத்துக்கு அழைக்கலாம். அப்போதும் யாருக்காகவும் காத்திருக்காதீர்கள். ஒருமுறை வருவதாக ஒப்புக்கொண்ட ஒருவருக்காக ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். அவர் வரவில்லை. பேசத் தொடங்கியபோது பெண்களில் பாதிப் பேர் பால் கறக்கப் போயிருந்தார்கள்.

பேச்சு விஷயத்துக்கு வருவோம். வரவேற்புரை, பொன்னாடை, முன்னிலை, வாழ்த்துரை என்று முதல் ஒரு மணி நேரத்தை விழுங்கிவிடுகிறோம். அப்புறம் எப்போதும் பேசுகிற நான்கு பேர் பேசுகிறார்கள். பத்துப் பேர் கொண்ட சிறு வட்டங்களாகப் பிரித்து அரை மணி நேரம் பேசவிட்டு, அப்புறம் ஒவ்வொரு வட்டத்திலிருந்தும் ஒருவர் எழுந்து சொன்னால், மைக்கைப் பார்த்துக் கூச்சப்படுகிறவர்களின் சொல்லும் சபைக்கு வரும். பெண்களுக்குத் தனி வட்டம் வேண்டுமா என்று அவர்களையே கேளுங்கள்.

போச்சம்பள்ளிப் பக்கத்துக் கூட்டத்தில் ஒரு பாட்டி கடைசி வரை வாய் திறக்கவில்லை. எல்லாம் முடிந்து டீ குடிக்கும்போது, தன் சிறு வயதில் வாய்க்கால் எந்தப் புளியமரத்துக்குப் பக்கத்தில் திரும்பியது, இப்போது அது யார் யார் வரப்புக்குள் போய்விட்டது என்று வரிசையாகச் சொன்னார். அன்று பேசியதிலேயே உருப்படியான விஷயம் அதுதான். எழுதிக்கொள்ள யாரிடமும் நோட்டு இல்லை, மறுநாள் அவர் வீடு தேடிப் போனோம். டீ நேரத்திலும் ஒருவர் நோட்டும் கையுமாக இருக்கட்டும்.

கூட்டம் முடிந்த பிறகு நடக்கிற தவறு, எடுத்த முடிவை அங்கேயே விட்டுவிடுவது. நாம் கூடிப் பேசி எடுத்த முடிவு எந்த அலுவலகத்தையும் கட்டுப்படுத்தாது. அதுவே கிராம சபையில் தீர்மானமாகப் பதிவானால் நிலைமை வேறு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. அதற்கு மூன்று வாரம் முன்பாக நம் கூட்டத்தை வைத்தால், தீர்மானத்தின் வாசகத்தைத் தயார் செய்யவும் ஆள் திரட்டவும் நேரம் கிடைக்கும். ஆள் கணக்கும் முக்கியம்: மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் குறைந்தது 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். தீர்மானப் புத்தகத்தில் எழுதியதை அங்கேயே வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். பிறகு நகல் தேவைப்பட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனு போடலாம், முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும்.

பேசியதை ஒரே தாளில் பெரிய எழுத்தில் எழுதி பால் சொசைட்டியிலும் ரேஷன் கடையிலும் ஒட்டுங்கள். என்ன வேலை, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்று மூன்று கட்டம் போதும். வெளியூரில் வேலை செய்கிறவர்களுக்கு அதையே குரல் பதிவாக அனுப்பலாம். தேதி தாண்டியும் முடியாத வேலை இருந்தால் அந்தத் தாளைக் கிழித்துவிடாதீர்கள். பக்கத்திலேயே புதுத் தேதியை எழுதி, ஏன் தள்ளிப்போனது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பால் ஊற்ற வருகிறவர்கள் தினமும் இரண்டு வேளை அதைப் பார்ப்பார்கள், கேட்பார்கள்.