கிரீன் டீ ஒத்தடம்: இலையிலிருந்து முகம் வரை

கிரீன் டீக்கென்று தனிச் செடி கிடையாது. நாம் பால் ஊற்றிக் குடிக்கும் தேநீரும் அதே செடியின் இலைதான். பறித்த இலையை நசுக்கிக் காற்றாட விட்டால் கறுத்துப்போகும். பறித்த சூட்டோடு வெப்பம் காட்டினால் பச்சையாகவே நின்றுவிடும். இதற்காகச் சீனர்கள் பெரும்பாலும் இரும்புச் சட்டியில் வறுக்கிறார்கள். ஜப்பானியர்கள் ஆவியில் அவிக்கிறார்கள். சீனாவுக்குப் போய்வந்த எய்சாய் என்ற துறவி 1191-இல் தேயிலை விதைகளோடு ஜப்பான் திரும்பினார். 1211-இல் தேநீரால் உடலுக்கு வரும் நன்மைகளைப் பற்றி நூலே எழுதினார். முகப்பூச்சு வியாபாரம் பிறகு வந்தது.

அந்த வெப்பம் காப்பாற்றித் தருபவை கேட்டச்சின்கள் என்ற, தேயிலையில் இயற்கையாகவே உள்ள வேதிப்பொருட்கள். தோலின் சிவப்பையும் எரிச்சலையும் தணிக்க உதவுபவை இவையே. வீட்டில் நாம் செய்வதெல்லாம் அவற்றைக் கெடுக்காமல் நீரில் இறக்குவதுதான்.

முதலில், எதுவும் கலக்காத வெறும் இலை வாங்குங்கள். 100 மில்லி நீரைக் கொதிக்கவைத்து இறக்கி, நாலைந்து நிமிடம் ஆறவிடுங்கள். 80 டிகிரி போதும். ஒரு தேக்கரண்டி இலையைப் போட்டு மூன்று நிமிடம் மூடிவைத்து வடிகட்டுங்கள். எலுமிச்சை பிழியலாமா என்று யாராவது கேட்பார்கள். வேண்டவே வேண்டாம், அந்தச் சாறு பட்ட தோல் வெயிலில் கருகக்கூடும்.

நன்றாக ஆறியதும் முழங்கைக்கு உட்புறம் ஒரு சொட்டுத் தடவி, ஒரு நாள் பொறுங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் அந்த நீரை முகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். வராவிட்டால், முகம் கழுவியபின் மெல்லிய பருத்தித் துணியை அதில் நனைத்துப் பிழிந்து பத்து நிமிடம் முகத்தில் போட்டுக்கொள்ளுங்கள். புண் இருக்கும் இடத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

அதிகம் எதிர்பார்க்காதீர்கள். 2006-இல் அமெரிக்கா கிரீன் டீச் சாறு கொண்ட களிம்பு ஒன்றை மருந்தாக அங்கீகரித்தது உண்மைதான். ஆனால் அது பிறப்புறுப்பு மருக்களுக்கானது, 15 சதவீதம் செறிவூட்டிய சாறு. நம் அடுப்படி நீர் முகத்தை வெள்ளையாக்காது, சன்ஸ்கிரீனுக்கும் ஈடாகாது.

மீதியை மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் வரும். அதற்கு முன்பே பழுப்பேறினால், இலையைக் கறுக்க வைக்கும் அதே காற்று நீரிலும் வேலையைத் தொடங்கிவிட்டது. தயங்காமல் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிடுங்கள்.