தியான்ஜின் ராட்டினத்தில் ஏறுவது எப்படி? டிக்கெட் முதல் உச்சி வரை

சீனாவின் தியான்ஜின் நகரில் இருக்கும் 'தியான்ஜின் கண்' என்ற ராட்சத ராட்டினம் ஹாய் ஆற்றுக்குக் குறுக்கே போகும் யோங்லே பாலத்தின் மேலேயே கட்டப்பட்டிருக்கிறது. சக்கரம் ஒரு பக்கம் சுற்ற, அதே பாலத்தில் வண்டிகளும் ஓடிக்கொண்டிருக்கும். விட்டம் 110 மீட்டர், உச்சி 120 மீட்டர், 48 பெட்டிகள், பெட்டிக்கு 8 பேர், ஒரு சுற்றுக்குச் சுமார் அரை மணி நேரம். ஏறி உட்காருவதில் ஒரு வித்தையும் கிடையாது. ஆளைத் திணறடிப்பதெல்லாம் அதற்கு முன்னால் வரும் பணம், பெயர், நேரம் மூன்றும்தான்.

விசா, சிம் கார்டு வேலைகளை முடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

படி 1: அலிபே

ஊரில் இருக்கும்போதே, சீனாவில் பணம் செலுத்த உதவும் அலிபே செயலியை நிறுவி, பாஸ்போர்ட் விவரம் கொடுத்து, வீசா அல்லது மாஸ்டர்கார்டு ஒன்றை இணைத்துவிடுங்கள். ரூபே கார்டை நம்ப வேண்டாம். இந்திய வங்கிக் கார்டு என்றால், வங்கிச் செயலிக்குள் போய் 'வெளிநாட்டுப் பரிவர்த்தனை' என்பதை முதலில் இயக்க வேண்டும். இயல்பாக அது அணைந்தே இருக்கும். கார்டு ஏற்கப்படவில்லை என்று வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். ஓடிபி வரும் எண்ணை ரோமிங்கில் உயிரோடு வையுங்கள்.

வீசாட் என்ற சீன அரட்டைச் செயலியிலும் பணம் செலுத்தலாம். ஆனால் புதுக் கணக்குத் தொடங்கும்போது, ஏற்கெனவே வீசாட் வைத்திருக்கும் ஒருவர் உறுதிசெய்ய வேண்டும் என்று அது சில சமயம் அடம்பிடிக்கும். அதனால் என் ஓட்டு அலிபேவுக்கே. வெளிநாட்டுக் கார்டில் 200 யுவானுக்கு மேல் போகும் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் 3% கூடுதல் கட்டணம் உண்டு. ராட்டினத்தின் வழக்கமான பெரியவர் கட்டணம் 70 யுவான். நான்கு பேருக்குச் சேர்த்து வாங்கினால் 280 ஆகி அந்த வரம்பைத் தாண்டிவிடும். இரண்டிரண்டாக வாங்கினால் தாண்டாது.

படி 2: டிக்கெட்டில் பெயர்

நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாக.

டிக்கெட் பாஸ்போர்ட் எண்ணோடு கட்டப்பட்டது. தேதியும் நேரமும் குறித்து முன்பதிவு செய்ய வேண்டும். மாலை நேரங்கள்தான் முதலில் தீரும். அதிகாரப்பூர்வ முன்பதிவு வீசாட்டுக்குள் சீன மொழியில் இருக்கிறது. சீனம் தெரியாதவர்களுக்கு ட்ரிப்.காம் என்ற பயண முன்பதிவுத் தளம் போதும்.

படிவத்தில் குடும்பப் பெயர், இயற்பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். தமிழர் பாஸ்போர்ட் பலவற்றில் குடும்பப் பெயர் வரி காலி, அல்லது அங்கே அப்பா பெயர். என்ன செய்வது?

ஒரே கட்டம் இருந்தால், பாஸ்போர்ட்டில் உள்ள முழுப் பெயரையும் அதே எழுத்துக் கூட்டலில் அடியுங்கள். இரண்டு கட்டம் இருந்து, ஒன்றைக் காலியாக விட மறுத்தால், சீன விசாவில் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே பிரித்துப் போடுங்கள். ரயில் டிக்கெட், ஹோட்டல், ராட்டினம் மூன்றுக்கும் ஒரே வடிவம். ஒன்றில் அப்பா பெயர் முன்னால், இன்னொன்றில் பின்னால் என்று மாற்றி மாற்றிப் போட்டால் நுழைவாயிலில் நின்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டிவரும். 'எஸ். முருகன்' என்று புள்ளி வைத்த இனிஷியல் வேண்டவே வேண்டாம்.

எண்ணையும் ஒருமுறை சரிபாருங்கள். இந்தியப் பாஸ்போர்ட் எண் ஓர் எழுத்தும் ஏழு இலக்கங்களும் கொண்டது. முதல் எழுத்துக்குப் பின்னால் வருவது எதுவும் 'ஓ' ஆக இருக்க முடியாது, பூஜ்யம்தான்.

பாலத்தடியில் யாராவது கூடுதல் விலைக்கு டிக்கெட் நீட்டினால் கையை மடக்கிக்கொண்டு நடையைக் கட்டுங்கள். பெயர் போட்ட டிக்கெட் இன்னொருவருக்கு உதவாது.

படி 3: எந்த ஸ்டேஷன்?

பெய்ஜிங் தெற்கு ஸ்டேஷனிலிருந்து அதிவேக ரயிலில் அரை மணி நேரம். சேருமிடத்தை மட்டும் கவனமாகப் படியுங்கள். 'தியான்ஜின்' என்று மட்டும் போட்டிருந்தால் அது ஆற்றங்கரையில் இருக்கும் மைய ஸ்டேஷன். 'மேற்கு' என்றாலும் பாதகமில்லை, ராட்டினம் பக்கம்தான். 'தெற்கு' என்றால் ஊருக்கு வெளியே இறங்குவீர்கள். ஷாங்காய் பாதையில் ஓடும் ரயில்கள் சில அங்கேதான் நிற்கும். காகித டிக்கெட் தேவையில்லை, பாஸ்போர்ட்டே டிக்கெட். தானியங்கிக் கதவு திறக்காவிட்டால் பக்கத்தில் ஊழியர் நிற்கும் வழியில் போங்கள்.

படி 4: பாலத்துக்கு

கூகுள் மேப்பை நம்ப வேண்டாம். சீனாவில் தடை ஒரு புறம் இருக்க, அங்கே வரைபடங்கள் ஜிபிஎஸ் அளவிலிருந்து வேண்டுமென்றே நகர்த்தப்பட்ட வேறோர் ஆயத்தொலை முறையில் இருப்பதால், நீங்கள் இருக்கும் இடத்தைக் காட்டும் நீலப்புள்ளி சில நூறு மீட்டர் தள்ளி நிற்கும். சாதாரணத் தெருவில் சமாளித்துவிடலாம். ஆற்றங்கரையில் அது உங்களை எதிர்க்கரையில் காட்டும். அமேப் என்ற சீன வரைபடச் செயலியில் ஆங்கிலமும் உண்டு, அதைப் போட்டுக்கொள்ளுங்கள். ராட்டினத்தின் சீனப் பெயரை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால் டாக்ஸிக்காரரிடம் காட்டலாம்.

கால் வலுவுள்ளவர்கள் மைய ஸ்டேஷனிலிருந்து ஆற்றோரமாக, நீரோட்டத்துக்கு எதிர்த்திசையில் நடக்கலாம். ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர். ஜின்தாங், ஷிட்ஸிலின், ஜின்காங் பாலங்களைத் தாண்டினால் அடுத்தது யோங்லே. ஷிட்ஸிலின் பாலம்தான் 2023இல் பெரியவர்கள் ஆற்றில் டைவ் அடித்து இணையத்தில் பிரபலமான இடம். அதன் அருகே வாங்ஹாய்லோ தேவாலயம் இருக்கிறது. 1869இல் கட்டி, அடுத்த வருடமே கலவரத்தில் எரிந்து, மறுபடி கட்டி, 1900இல் மீண்டும் எரிந்தது.

யோங்லே பாலத்துக்கு இரண்டு அடுக்கு. மேலடுக்கு வண்டிகளுக்கு, கீழடுக்கு நடப்பவர்களுக்கு. மேலே இறங்கிவிட்டால் கீழே போகும் வழியைத் தேடுங்கள்.

படி 5: எந்த நேரம்?

சூரியன் மறைந்து பத்து நிமிடம் கழித்து ஏறுங்கள். கால் மணி நேரத்தில் உச்சிக்கு வந்துவிடுவீர்கள். அப்போது ஊர் விளக்குகள் எரிந்திருக்கும், வானத்திலும் நீலம் மிச்சமிருக்கும். ஜூன் கடைசியில் மறைவு இரவு 7.40 வாக்கில், டிசம்பர் கடைசியில் மாலை 4.55 வாக்கில். வரிசைக்கு நேரம் விட்டு முன்பதிவை அமையுங்கள். திங்கள் பகலில் ஓடாது, மாலையில்தான் திறப்பது வழக்கம். அக்டோபர் முதல் வாரமும் மே தின விடுமுறையும் வேண்டாம்.

உச்சியிலிருந்து 40 கிலோமீட்டர் தெரியும் என்பார்கள். 120 மீட்டர் உயரத்துக்குத் தொடுவானம் ஏறக்குறைய அந்தத் தூரம்தான், கணக்கு சரி. ஆனால் புகைமூட்ட நாளில் சில கிலோமீட்டரிலேயே ஊர் கரைந்துவிடும். கண்ணுக்கு நிச்சயமாகக் கிடைப்பது கீழே இருக்கும் முக்கூடல். வட கால்வாயும் தென் கால்வாயும் ஹாய் ஆற்றோடு சேரும் இடம் அது. உலக மரபுச் சின்னமான பெருங்கால்வாயின் பகுதி.

படி 6: ஏறுவதும் படமும்

பெட்டி நிற்காது, நகர்ந்தபடியே ஏற்றிக்கொள்ளும். சுற்றளவு சுமார் 345 மீட்டர், நேரம் அரை மணி. அப்படியானால் வேகம் நொடிக்கு 19 சென்டிமீட்டர், குழந்தை தவழும் வேகம். பயம் வேண்டாம், கையில் பையை மட்டும் முன்னால் பிடித்துக்கொள்ளுங்கள். படம் எடுக்க போன் லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்து, மறு கையால் சுற்றிலும் மறையுங்கள். வெள்ளைச் சட்டை கண்ணாடியில் பிரதிபலிக்கும், கறுப்பு நல்லது.

வெளியிலிருந்து முழுச் சக்கரமும் வேண்டுமென்றால் ஜின்காங் பாலம். அங்கிருந்து அது முகம் காட்டி நிற்கும், ஆற்றில் நிழலும் விழும். நைட் மோடில் 10 நொடி வைத்தால் விளிம்பு கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் நகர்ந்து பெட்டிகள் கோடாகிவிடும். 2 நொடிக்குள் முடியுங்கள்.

பின்சேர்க்கை

பழைய பாஸ்போர்ட்டில் விசா, புதிது கையில் என்றால் எந்த எண்ணைப் போடுவது என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். இப்போது செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டின் எண்தான். இரண்டையும் எடுத்துச் செல்லுங்கள்.

பலத்த காற்று, இடி மின்னல் என்றால் ராட்டினத்தை நிறுத்திவிடுவார்கள். அதனால் பெய்ஜிங் திரும்பும் ரயிலை, ராட்டின நேரத்திலிருந்து குறைந்தது இரண்டு மணி நேரமாவது தள்ளிப் போடுங்கள்.