பற்களுக்கு நடுவே இருந்த மன அழுத்தம்

மூன்று வாரமாகக் காலையில் எழுந்தாலே நெற்றிப்பொட்டில் வலி. தலையணையை மாற்றினேன். கண்ணைப் பரிசோதித்தேன், கண்ணாடி பவர் மாறவில்லை. மாத்திரை போட்டால் மதியம் வரை தாங்கும், அவ்வளவுதான்.

பல் மருத்துவர்தான் முதலில் கண்டுபிடித்தார். கடைவாய்ப் பற்களின் முனை தேய்ந்து, கன்னத்தின் உட்புறம் பல் தடம் வரிவரியாகப் பதிந்திருந்தது. தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறேனாம். இரவில் மாட்ட உறை கொடுத்தார். பல் தப்பித்தது, வலி போகவில்லை. "டென்ஷன் ஏதாவது?" என்றார். இல்லை என்றேன். உண்மையாகவே அப்படித்தான் நம்பினேன்.

அப்புறம் மனநல ஆலோசகரிடம் போனேன். அறிவுரை எதுவும் சொல்லவில்லை. ஒரு வாரம், மணிக்கொரு முறை, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட்டுக்கொண்டிருக்கின்றனவா என்று மட்டும் குறிக்கச் சொன்னார். மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிர அவை தொடக் கூடாது; உதடு மூடியிருந்தாலும் உள்ளே சில மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். இதை நான் கேள்விப்பட்டதே இல்லை.

குறிப்பைப் பார்த்தால், இரவை விடுங்கள், பகலிலேயே கடித்துக்கொண்டிருந்தேன். அதுவும் சண்டையின்போது அல்ல, மேலதிகாரியின் மின்னஞ்சலைத் திறக்கும் அந்தச் சில நொடிகளில்.

சரி, திரையின் ஓரத்தில் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டினேன். அது கண்ணில் படும்போதெல்லாம் தாடையைத் தளர்த்தி, மெதுவாக மூச்சை விடுவேன். மாலையில் 15 நிமிடம் கவலைகளை எழுதி நோட்டை மூடிவிடுவேன். ஆலோசகருடன் பேசியதில், மறுப்புச் சொல்ல நான் பயப்படுவதும் வெளியே வந்தது. அதற்குத்தான் கூடுதல் அமர்வுகள் தேவைப்பட்டன.

ஐந்தாவது வாரம் மாத்திரை அட்டையைத் தொடவில்லை. உறையை மட்டும் இன்னும் மாட்டுகிறேன்.