எலக்ட்ரிக் மலைச் சைக்கிள் ஓட்டப் பழகுவது எப்படி?

எலக்ட்ரிக் மலைச் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றுக்கு ஆக்ஸிலேட்டர் கிடையாது. நீங்கள் மிதித்தால்தான் மோட்டார் வேலை செய்யும். எவ்வளவு அழுத்தி மிதிக்கிறீர்கள் என்பதைப் பெடல் அச்சில் உள்ள சென்சார் அளக்கும்; அதற்கேற்ற மடங்கில் மோட்டார் தன் பங்கைச் சேர்த்துத் தரும். அதனால் வண்டியின் கட்டுப்பாடு கைப்பிடியில் உள்ள பொத்தானைவிட உங்கள் பாதத்தில்தான் அதிகம் இருக்கிறது. புதியவர்கள் தடுமாறும் இடங்களில் பெரும்பாலானவை இங்கே தொடங்குபவைதான். சாதாரண சைக்கிளில் நிற்கும்போது பெடல்மேல் காலை ஊன்றினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. இங்கே வண்டி முன்னால் பாய்ந்துவிடும்.

சைக்கிள் ஓட்டத் தெரியும், மண் பாதையும் மோட்டாரும் புதிது என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: கிளம்பும் முன்

முழு சக்தி மோட்டாரும் பெரிய பேட்டரியும் உள்ள வண்டி 20 முதல் 25 கிலோ வரை இருக்கும். மோட்டார் இல்லாத மலைச் சைக்கிளைவிட ஏறக்குறைய 10 கிலோ அதிகம். டயர் காற்று, சஸ்பென்ஷன், பிரேக் எல்லாவற்றையும் இந்த எடையை மனதில் வைத்துத்தான் சரிபார்க்க வேண்டும்.

டியூப்லெஸ் டயர் என்றால் முன்னால் 22 பிஎஸ்ஐ, பின்னால் 25 பிஎஸ்ஐ என்று தொடங்கலாம். உடல் எடை அதிகமென்றால் இன்னும் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள். அடுத்து சஸ்பென்ஷன். ஹெல்மெட், பை எல்லாவற்றோடும் வண்டியில் ஏறி அசையாமல் உட்காருங்கள். பின் சஸ்பென்ஷன் தன் மொத்த அசைவில் 25 முதல் 30 சதவீதம் வரை அமுங்க வேண்டும். முன்னால் 20 சதவீதம் போதும். இதைவிட அதிகமாக அமுங்கினால் பெடல்கள் கல்லில் இடிக்கும். குறைவாக அமுங்கினால் டயர் தரையைப் பிடிக்காமல் துள்ளும்.

இரவல் அல்லது வாடகை வண்டியென்றால் எந்தக் கை பிரேக் எந்தச் சக்கரத்துக்கு என்று முதலில் பார்த்துவிடுங்கள். நாட்டுக்கு நாடு இது மாறும்.

படி 2: சமதளத்தில், மோட்டாரை அணைத்துவிட்டு

இதைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். நான் தாண்ட வேண்டாம் என்பேன். மோட்டார் இல்லாமல் கொஞ்ச நேரம் சுற்றுங்கள், திருப்புங்கள், பிரேக் பிடித்து நிறுத்துங்கள். வண்டியின் உண்மையான எடை அப்போதுதான் உடம்புக்குத் தெரியும்.

அப்புறம் மோட்டாரைப் போடுங்கள். ஏறும்போது இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கிப் போட வேண்டும். நன்றாக உட்கார்ந்த பிறகுதான் பெடலில் அழுத்தம் வர வேண்டும்.

மோட்டார் எவ்வளவு உதவ வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுக்கச் சில நிலைகள் இருக்கும். போஷ் நிறுவன மோட்டார்களில் அவை ஈகோ (குறைந்த உதவி), டூர், இ-எம்டிபி, டர்போ (அதிக உதவி). ஷிமானோ நிறுவன மோட்டார்களில் ஈகோ, டிரெயில், பூஸ்ட். முதலில் ஈகோ. பழகியதும் நேராக இ-எம்டிபி அல்லது டிரெயில். இவை உங்கள் பாதத்தின் அழுத்தத்தைப் பார்த்துத் தாமாகவே கூட்டிக் குறைக்கும் நிலைகள் என்பதால் மண் பாதைக்கு நன்றாகப் பொருந்தும். டர்போவை இப்போதைக்கு மறந்துவிடலாம். அது நண்பர்களிடம் காட்டி மகிழத்தான் அதிகம் உதவுகிறது.

படி 3: கியர் மாற்றுவது

மோட்டார் இருக்கிறதே, கியர் எதற்கு என்று தோன்றும். நடுவில் பொருத்திய மோட்டாரின் சக்தி செயின் வழியாகத்தான் பின்சக்கரத்துக்குப் போகிறது. நிமிடத்துக்கு 70 முதல் 90 சுற்றுகள் வரை மிதிக்கும்போது அது திறமையாக இயங்கும். கனமான கியரில் மெதுவாக நசுக்கி மிதித்தால் மோட்டார் சூடாகும், பேட்டரியும் வீணாகும்.

உங்கள் காலின் விசையோடு மோட்டாரின் விசையும் சேர்ந்து செயினை இழுப்பதால், அழுத்தி மிதித்தபடியே கியர் மாற்றினால் "கடக்" என்று பெரிய சத்தம் வரும். அடிக்கடி அப்படிச் செய்தால் செயினும் பற்சக்கரங்களும் சீக்கிரம் தேயும். செயின் அறுந்துபோகவும் கூடும். கியர் பொத்தானை அழுத்தும் அந்த அரைச் சுற்றில் மட்டும் காலின் அழுத்தத்தைத் தளர்த்துங்கள். கால் சுற்றிக்கொண்டே இருக்கலாம், அழுத்தம் கூடாது. ஒவ்வொரு கியராக மாற்றுங்கள். ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே மாற்றி முடியுங்கள்.

படி 4: ஏற்றம்

இந்த வண்டியின் சுவையே இங்கேதான். சாதாரண சைக்கிளில் இறங்கித் தள்ள வேண்டிய சரிவுகளை உட்கார்ந்தபடியே ஏறலாம். ஆனால் உட்காரும் விதம் முக்கியம்.

சீட்டின் முன்முனைக்கு நகருங்கள். முழங்கையை மடக்கி, மார்பைக் கைப்பிடியை நோக்கித் தாழ்த்துங்கள். பின்னால் சாய்ந்தால் மோட்டாரின் உந்துதலில் முன்சக்கரம் எழும்பும். எழுந்து நின்றால் பின்சக்கரத்தின் மேல் எடை குறைந்து, அது மண்ணில் வெறுமனே சுற்றும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. சரிவு மாற மாற அந்த இடமும் நகரும். சக்கரம் வழுக்கத் தொடங்கினால் இன்னும் அழுத்தி மிதிக்கத்தான் கை கால் பரபரக்கும். அப்போது அழுத்தத்தைக் குறைத்துச் சீராகச் சுற்றுங்கள், பிடிப்பு திரும்பிவிடும். உதிரிக் கற்கள் நிறைந்த ஏற்றத்தில் அதிக சக்தி நிலை கைகொடுக்காமல் போவதும் இதனால்தான்.

இன்னொரு விஷயம்: பல மோட்டார்கள் நீங்கள் மிதிப்பதை நிறுத்திய பிறகும் ஒரு கணம் தள்ளும். முதலில் இது பயமாக இருக்கும், பிறகு உதவியாக மாறும். வேரோ படிபோன்ற கல்லோ குறுக்கே வந்தால், அதற்குச் சற்று முன் ஓர் அழுத்து அழுத்திவிட்டுப் பெடல்களைச் சமமாக நிறுத்துங்கள். மீதியை மோட்டார் பார்த்துக்கொள்ளும், பெடலும் கல்லில் இடிக்காது. கற்கள் தொடர்ந்து வரும் இடத்தில் முழுச் சுற்று மிதிக்காமல் அரை அரையாக முன்னும் பின்னும் அசைத்து மிதிப்பது நல்லது.

பாதி ஏற்றத்தில் நின்றுவிட்டால்? வண்டியைச் சரிவுக்குக் குறுக்காகத் திருப்புங்கள். மேட்டுப் பக்கக் காலைத் தரையில் ஊன்றி, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, மறு பெடலை மேல்நிலைக்குக் கொண்டுவாருங்கள். நிலை ஈகோவில் இருக்கட்டும், கியர் லேசாக இருக்கட்டும். பிரேக்கை விட்டுக்கொண்டே மிதித்து, நகரத் தொடங்கியதும் மேல்நோக்கித் திருப்புங்கள். முடியவில்லையென்றால் நடைத் துணைப் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தியபடி பக்கத்தில் நடந்தால் வண்டி தானே மெதுவாக நகரும். 24 கிலோவை மேட்டில் தள்ளுவது வீரம் அல்ல, இடுப்பு வலி.

படி 5: பேட்டரிக் கணக்கு

எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று கேட்பதைவிட எத்தனை மீட்டர் உயரம் ஏறும் என்று கேட்பது பொருத்தம். நீங்கள் 76 கிலோ, வண்டி 24 கிலோ என்று வையுங்கள். இந்த 100 கிலோவை 1,000 மீட்டர் உயர்த்த ஏறக்குறைய 272 வாட்-மணி ஆற்றல் தேவை. மண்ணின் உராய்வும் மோட்டாரின் வெப்ப இழப்பும் இதில் சேரவில்லை.

இதில் உங்கள் பங்கு எவ்வளவு என்பதை நிலைதான் முடிவு செய்கிறது. மோட்டார் உங்கள் விசைக்கு 60 சதவீதம் சேர்க்கும் ஈகோவில், வேலையில் அறுபது சதவீதத்துக்கு மேல் உங்கள் கால் செய்கிறது. 340 சதவீதம் சேர்க்கும் டர்போவில் உங்கள் பங்கு கால்வாசிக்கும் குறைவு. 500 வாட்-மணி பேட்டரியோடு டர்போவிலேயே ஏறினால் 1,000 மீட்டரைத் தாண்டும்போது கவலைப்பட வேண்டியிருக்கும். குளிரில் பேட்டரி இன்னும் சீக்கிரம் இறங்கும். புதிய பாதையென்றால் பெரிய ஏற்றத்தை முதலில் முடித்து, வீட்டுக்கு இறங்கி வரும்படி திட்டமிடுங்கள்.

படி 6: இறக்கம்

இறக்கத்தில் மோட்டாரின் உதவி தேவையில்லை, அதன் எடை மட்டும் கூடவே வரும். சாதாரண சைக்கிளில் பழகியவர்கள் பிரேக்கைத் தாமதமாகப் பிடிப்பது இங்கே ஆபத்து. நிற்கும் தூரம் நீளும்.

சீட்டைப் பொத்தான் மூலம் இறக்கிக்கொண்டு எழுந்து நில்லுங்கள். பெடல்கள் சமமாக, குதிகால் சற்றுத் தாழ்வாக, எடை கைகளில் இல்லாமல் பாதங்களில். ஒவ்வொரு பிரேக்குக்கும் ஒரு விரல் போதும், மற்ற விரல்கள் கைப்பிடியைப் பிடிக்கட்டும். வளைவுக்குள் போகும் முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவில் பிரேக்கை விடுங்கள். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை லேசாக உரசியபடியே வராதீர்கள். பிரேக் தகடு சூடாகிப் பிடிப்பு குறையும். அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, முழுதாக விட்டுவிடுங்கள், அது கொஞ்சம் ஆறட்டும். இந்த வண்டிகளில் 200 மில்லிமீட்டர் தகடுகளும் நான்கு பிஸ்டன் பிரேக்குகளும் வருவது இந்தச் சூட்டைத் தாங்கத்தான்.

பிரேக் பேட் புதிதென்றால், மலைக்குப் போகும் முன் சமதளத்தில் மிதமான வேகத்திலிருந்து நடை வேகத்துக்கு இருபது தடவையாவது குறைத்து அதைப் பழக்குங்கள்.

படி 7: சட்டமும் பாதையும்

ஐரோப்பிய ஒன்றியத்தில் 250 வாட் வரையுள்ள மோட்டார் மணிக்கு 25 கிலோமீட்டரில் உதவியை நிறுத்திவிடும். அமெரிக்காவில் முதல் வகுப்பு (மிதித்தால் மட்டும் மோட்டார் உதவும்) வண்டிகளுக்கு அந்த எல்லை 32 கிலோமீட்டர். சைக்கிள் அனுமதிக்கும் எல்லாப் பாதைகளும் மோட்டார் சைக்கிளை அனுமதிப்பதில்லை என்பதுபோலவே, இவற்றையும் சில பாதைகள் அனுமதிப்பதில்லை. முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். ஏற்றத்தில் நீங்கள் வேகமாக வருவதை நடப்பவர்கள் எதிர்பார்க்க மாட்டார்கள். தூரத்திலேயே மணி அடியுங்கள்.

படி 8: திரும்பி வந்ததும்

சேறு என்றால் வாளித் தண்ணீரும் பிரஷ்ஷும் போதும். அழுத்த நீர் பீய்ச்சினால் மோட்டாரின் பேரிங்குகளுக்குள் தண்ணீர் போய்விடும். செயினைத் துடைத்து, உலர்ந்த பிறகு எண்ணெய் விடுங்கள். பேட்டரி மிகவும் குளிர்ந்தோ சூடாகவோ இருந்தால் அறை வெப்பநிலைக்கு வந்த பிறகு சார்ஜ் போடுங்கள். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் போடவே கூடாது. சில மாதங்கள் ஓட்டப் போவதில்லை என்றால் முழுதாக ஏற்றி வைக்காமல் 30 முதல் 60 சதவீதத்தில் நிறுத்தி, வண்டியிலிருந்து கழற்றி, உலர்ந்த குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள்.