நெல்லைப் பக்கத்து வீட்டுத் தோட்டம்: சறுக்குகிற இடங்கள்

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்று எல்லோருக்கும் தெரியும். வீட்டுத் தோட்டம் போடுகிறவர்கள் நம் பக்கம் முதலில் சறுக்குவதும் அந்த ஆடியில்தான். தென்மேற்குப் பருவமழை தென்காசி, குற்றாலம் வரை சாரலாக விழும். பாளையங்கோட்டைக்கு வந்து சேரும்போது பெரும்பாலும் வெறும் காற்றுதான். வள்ளியூர், ராதாபுரம் பக்கம் கேட்கவே வேண்டாம், காற்றாலையைச் சுற்றவைக்கிற காற்று அது. மொட்டை மாடியில் பிஞ்சு நாற்றை அதற்கு நடுவே வைத்தால், காலையில் ஊற்றிய தண்ணீர் மத்தியானத்துக்குள் வற்றி இலை ஓரம் கருகிவிடும். புடலை, பீர்க்கன் பந்தல் என்றால் சாய்ந்தே போகும்.

அதனால் கத்தரி, தக்காளி, மிளகாய் விதைகளை ஆடிக் கடைசியில் சுவர் மறைவாக நாற்றுவிடுங்கள். 25, 30 நாளில் நாற்று தயாராகும்; ஆவணிக் கடைசியில் காற்றும் தணியத் தொடங்கும். அப்போது பிடுங்கி நட்டால், வேர் பிடித்து நிற்கும்போது ஐப்பசி மழை வந்துவிடும். வெண்டை, கொத்தவரை, அவரையை நாற்றுவிட்டுப் பிடுங்கி நடக்கூடாது, நேரடியாக ஊன்ற வேண்டும்.

அவரையில் இன்னொரு சங்கதி உண்டு. பந்தலில் ஏறும் நாட்டு அவரை பகல் குறுகும் காலத்தில்தான் பூக்கும். ஆடி, ஆவணியில் ஊன்றினால் மார்கழி, தையில் காய் பறிக்கலாம். தையில் ஊன்றினால் கொடி பந்தலை மூடும், மாதக்கணக்கில் ஒரு பூ வராது. விதை சரியில்லை என்று கடைக்காரரைத் திட்டுவார்கள், பாவம். எல்லாப் பருவத்திலும் காய் வேண்டுமென்றால் செடி அவரை போடுங்கள். பொங்கலுக்குச் சிறுகிழங்கு வேண்டும் என்று கார்த்திகையில் நினைத்துக்கொள்வதும் இதே கணக்குதான். அதற்கு நாலைந்து மாதம் ஆகும். ஆடி, ஆவணியிலேயே கொடித்துண்டு நட்டிருக்க வேண்டும்.

அடுத்தது மண். திசையன்விளைப் பக்கத்துத் தேரி என்கிற செம்மணலில் ஊற்றுகிற தண்ணீர் அப்படியே இறங்கிவிடும். கரிசலோ தொட்டியில் காய்ந்ததும் வெடித்து வேரை அறுக்கும். எந்த மண்ணாக இருந்தாலும் தனியாக நிரப்பாதீர்கள். மண், மட்கிய எரு, தென்னை நார்க்கழிவு மூன்றும் சம பங்கு போதும். நார்க்கழிவை ஊறவைத்து, கறைத் தண்ணீரை இரண்டு மூன்று முறை வடித்துவிட்டுக் கலக்குங்கள். பச்சைச் சாணத்தை அப்படியே போட்டால் வேர் வெந்துபோகும், புழுவும் வரும்.

தண்ணீரைப் பழக்கத்துக்காக ஊற்றக்கூடாது. விரலை விட்டுப் பார்த்து, உள்ளே ஈரம் இருந்தால் அன்றைக்கு விட்டுவிடலாம். மழைக்கு முன்னால் செடி வளர்க்கிற பையின் அடி ஓட்டைகள் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். 2023 டிசம்பர் 17, 18இல் நெல்லையை வெள்ளக்காடாக்கிய மழையை மறந்திருக்க மாட்டீர்கள். அதற்குப் பாதி பெய்தாலும் தேங்குகிற தண்ணீரில் கத்தரி அழுகிவிடும். பைகளைச் செங்கல் மேல் தூக்கி வைத்தால் மாடித் தளத்துக்கும் நல்லது.

வெண்டை இலை நரம்பு மஞ்சளானால் வேப்பெண்ணெய் அடித்துக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். அது வெள்ளை ஈ பரப்புகிற வைரஸ். செடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, மற்ற செடிகளில் ஈ சேராமல் இருக்க வேப்பெண்ணெய் அடியுங்கள். ஒரு லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலமாக.

எதைப் போடுவது என்பதில் ஆசைதான் எதிரி. கேரட், காலிஃபிளவர் படம் போட்ட பொட்டலத்தைப் பார்த்து மயங்கி வாங்கி, பங்குனி வெயிலில் போட்டால் என்ன கிடைக்கும்? கூட்டாஞ்சோற்றுக்கு என்ன வேண்டுமோ அதிலிருந்து ஆரம்பியுங்கள்: நாலு கத்தரி, கொஞ்சம் அவரை, இடமிருந்தால் தரையில் ஒரு முருங்கை. முருங்கைக் கிளை காற்றில் சட்டென்று முறியும், அதனால் ஓட்டுக்கூரையை விட்டுத் தள்ளியே நடுங்கள். பாபநாசம், விக்கிரமசிங்கபுரம் பக்கத்தில் இருப்பவர்கள் விதை வாங்கும்போதே வலைக்கும் காசு ஒதுக்கிவிடுங்கள். குரங்குகள் தக்காளி பழுக்கும்வரை காத்திருப்பதில்லை.